ஒரு நாட்டின் தொழிலாளர் உற்பத்தித்திறனை எப்படி அளக்கிறார்கள்?

உற்பத்தித்திறன் தரவரிசை என்று ஒரு பட்டியல் அடிக்கடி செய்திகளில் வரும். அயர்லாந்து, லக்ஸம்பர்க், நார்வே எல்லாம் உச்சியில் இருக்கும், ஏழை நாடுகள் அடியில் கிடக்கும், நடுவில் அவரவர் நாடு எங்கே என்று தேடிப் பார்ப்பார்கள். அப்புறம் வழக்கமான பேச்சு ஆரம்பிக்கும்: அவர்கள் உழைப்பாளிகள், இவர்கள் சோம்பேறிகள், வேலை நேரத்தைக் கூட்டினால்தான் நாடு உருப்படும். இந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும், ஏனென்றால் அந்தப் பட்டியலில் இருக்கும் எண் சோம்பலையோ சுறுசுறுப்பையோ அளக்கவே இல்லை. அது எதை அளக்கிறது, எப்படி அளக்கிறார்கள், எந்த இடத்தில் எல்லாம் வழுக்கும் என்பதைத்தான் இங்கே எழுதப் போகிறேன். பொருளாதாரம் படித்திருக்க வேண்டியதில்லை, வகுத்தல் தெரிந்தால் போதும்.

அடிப்படையில் இது ஒரே ஒரு வகுத்தல் கணக்கு. மேலே ஒரு நாடு ஓர் ஆண்டில் உண்டாக்கிய மதிப்பு, கீழே அதற்குச் செலவான உழைப்பு. மேலே பெரும்பாலும் ஜிடிபி எனப்படும் மொத்த உள்நாட்டு உற்பத்தியைப் போடுவார்கள், கீழே மொத்த வேலை நேரத்தைப் போடுவார்கள். வகுத்தால் ஒரு மணி நேர உழைப்புக்கு இவ்வளவு மதிப்பு என்று ஓர் எண் வரும். நாடுகளை ஒப்பிட வேண்டும் என்றால் எல்லாவற்றையும் ஒரே பணத்துக்கு மாற்றியாக வேண்டும். அவ்வளவுதான் கணக்கு. ஆனால் மேலே இருப்பது, கீழே இருப்பது, பணத்தை மாற்றும் விதம் என்று மூன்றுமே தனித்தனியாகச் சிக்கலானவை.

மேலே இருப்பது என்ன?

ஒரு நாற்காலிப் பட்டறையை எடுத்துக்கொள்வோம். பணத்துக்குப் பெயர் வேண்டாம், வெறும் எண்ணாகவே வைத்துக்கொள்வோம். மாதம் 100 நாற்காலி செய்கிறார்கள், ஒன்றின் விலை 10, ஆக மொத்த விற்பனை 1000. மரம், ஆணி, வார்னிஷ், மின்சாரம் என்று வெளியிலிருந்து வாங்கியது 600. இந்த 600 மர வியாபாரியின் கணக்கிலும் மின் நிலையத்தின் கணக்கிலும் ஏற்கெனவே வந்துவிட்டது, அதை மறுபடியும் பட்டறையின் கணக்கில் சேர்த்தால் ஒரே மரத்தை இரண்டு தடவை எண்ணிய மாதிரி ஆகும். அதனால் கழித்துவிடுவார்கள். மிச்சம் 400. இதற்குப் பெயர் கூட்டுமதிப்பு, அதாவது பட்டறை தன் பங்காகச் சேர்த்த மதிப்பு. நாடு முழுவதும் இப்படி ஒவ்வொரு நிறுவனமும் சேர்த்த மதிப்பைக் கூட்டினால் (வரி, மானியம் தொடர்பான சில சரிக்கட்டல்களோடு) வருவதுதான் ஜிடிபி.

பட்டறையில் ஐந்து பேர் மாதம் 160 மணி வீதம் வேலை செய்கிறார்கள், மொத்தம் 800 மணி. 400ஐ 800ஆல் வகுத்தால் மணிக்கு அரை. இதுதான் அந்தப் பட்டறையின் உழைப்பு உற்பத்தித்திறன்.

இப்போது முதலாளி ஓர் அறுவை இயந்திரம் வாங்கிப் போடுகிறார். அதே ஐந்து பேர், அதே 800 மணி, ஆனால் மாதம் 200 நாற்காலி. விற்பனை 2000, வெளிச்செலவு 1200, கூட்டுமதிப்பு 800. உற்பத்தித்திறன் மணிக்கு ஒன்று, அதாவது இரண்டு மடங்கு. ஐந்து பேரில் யாரும் முன்பைவிட வேகமாகக் கையை ஆட்டவில்லை, இன்னும் சொல்லப்போனால் வேலை கொஞ்சம் சுலபமாகக்கூட ஆகியிருக்கும். இயந்திரத்துக்குப் போட்ட முதல், அதற்கான வட்டி, தேய்மானம், முதலாளியின் லாபம் எல்லாமே அந்த 800க்குள்தான் இருக்கின்றன, தொழிலாளியின் கூலி அதில் ஒரு பகுதி மட்டும்தான். ஆனால் வகுக்கும்போது எல்லாவற்றையும் உழைத்த மணிகளால் வகுக்கிறோம், எண்ணும் தொழிலாளியின் பெயரிலேயே வருகிறது. இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இயந்திரம்கூட இல்லாமல் வேலையை அடுக்கும் விதமே எண்ணை மாற்றிவிடும். 1913ல் ஃபோர்டு நிறுவனம் அமெரிக்காவின் ஹைலேண்ட் பார்க் ஆலையில் நகரும் அசெம்ப்ளி லைனைக் கொண்டுவந்தது. அதற்கு முன் மாடல் டி காரின் அடிச்சட்டம் ஒன்றைப் பூட்டி முடிக்கப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் தொழிலாளர் நேரம் செலவானது. 1914ல் அது 93 நிமிடமாக இறங்கியது. ஊர் அதே ஊர், கார் அதே கார். வேலை ஆளைத் தேடி நகர்ந்து வர ஆரம்பித்தது, அதுதான் வித்தியாசம்.

இதே விஷயத்தை ஒரு நாட்டின் அளவில் 1957ல் ராபர்ட் சோலோ என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் கணக்குப் போட்டுக் காட்டினார். 1909 முதல் 1949 வரை அமெரிக்காவில் ஒரு மணி நேர உழைப்பின் உற்பத்தி சுமார் இரண்டு மடங்கானது. அந்த உயர்வில் ஆளுக்கு அதிக இயந்திரம் கிடைத்ததால் வந்தது எட்டில் ஒரு பங்குதான், மீதி ஏழு பங்கை அவர் தொழில்நுட்ப மாற்றத்தின் கணக்கில் எழுதினார். தொழில்நுட்ப மாற்றம் என்று அவர் சொன்னதில் கண்டுபிடிப்பு, நிர்வாக முறை, கல்வி எல்லாமே அடங்கும். பின்னால் வந்தவர்கள் இதைப் பிரித்துப் பிரித்து ஆராய்ந்திருக்கிறார்கள், விகிதங்கள் மாறியிருக்கின்றன. ஆனால் ஒரு மணி நேர உழைப்பு என்ற எண்ணுக்குள் உழைப்பவரைத் தவிர வேறு ஒரு பெரிய உலகமே இருக்கிறது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

சரி, மேலே இருப்பது ஜிடிபி என்றால் அந்த ஜிடிபியை எவ்வளவு நம்பலாம்? இங்கேதான் அயர்லாந்தின் கதையைச் சொல்ல வேண்டும். 2015ல் அயர்லாந்தின் பொருளாதாரம் ஒரே ஆண்டில் 26 சதவீதம் வளர்ந்ததாக அறிவிப்பு வந்தது. ஒரு பணக்கார நாடு அப்படி வளர்வது சாத்தியமே இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். நடந்தது என்னவென்றால், சில பன்னாட்டு நிறுவனங்கள் தங்கள் காப்புரிமை போன்ற அறிவுசார் சொத்துக்களை வரி வசதிக்காக அயர்லாந்துக் கணக்குக்கு மாற்றின, விமானங்களைக் குத்தகைக்கு விடும் நிறுவனங்களின் சொத்துக்களும் அந்தக் கணக்கில் வந்து சேர்ந்தன. வேறு நாட்டில் செய்து வேறு நாட்டில் விற்ற பொருளின் மதிப்புகூட, உரிமை அயர்லாந்தில் இருப்பதால் அயர்லாந்தின் உற்பத்தியாகப் பதிவானது. விதிப்படி அது தவறும் இல்லை. ஆனால் வேலை பார்க்கும் ஆட்களின் எண்ணிக்கையும் மணிகளும் வழக்கமான அளவில்தான் கூடின, ஆகவே வகுத்தால் ஒவ்வொரு ஐரிஷ் தொழிலாளியும் ஓர் ஆண்டில் மாயாஜாலம் செய்த மாதிரித் தெரிந்தது.

அயர்லாந்தின் புள்ளியியல் அலுவலகமே இதைச் சரியாகக் கையாண்டது என்று சொல்வேன். இந்த மாதிரி வந்து போகும் லாபத்தையும் சொத்துத் தேய்மானத்தையும் கழித்துத் திருத்திய தேசிய வருமானம் என்று ஒரு தனி அளவை 2017ல் வெளியிட ஆரம்பித்தது. 2022ல் அந்தத் திருத்திய அளவு ஜிடிபியில் பாதியைச் சற்றே தாண்டித்தான் இருந்தது. தரவரிசைப் பட்டியலில் அயர்லாந்து முதலிடம் என்று பார்த்தால் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நார்வேயின் விஷயம் வேறு. அங்கே எண்ணெயும் எரிவாயுவும் உண்மையாகவே கடலுக்கடியிலிருந்து வருகின்றன, ஆனால் அந்தத் துறையில் வேலை பார்ப்பவர்கள் குறைவு, கிடைக்கும் மதிப்பு மிகப் பெரிது. எண்ணெய் விலை ஏறினால் நார்வேயின் ஒரு மணி நேர எண்ணும் ஏறுகிறது. அதனால் நார்வே தன் பொருளாதாரத்தைப் பற்றிப் பேசும்போது எண்ணெய், எரிவாயு, கடல் கப்பல் போக்குவரத்து இவற்றை நீக்கிவிட்டு, நிலப்பகுதிப் பொருளாதாரம் என்று ஓர் எண்ணைத் தனியாகவே வெளியிடுகிறது. பெரும்பாலும் நாட்டுக்குள் பேசப்படுவதும் அதுதான்.

இன்னொரு விதமாகவும் மேலே இருக்கும் எண் ஆடும். 2014 ஏப்ரலில் நைஜீரியா தன் ஜிடிபி கணக்கின் அடிப்படை ஆண்டை (எந்த ஆண்டின் விலைகளையும் தொழில் அமைப்பையும் வைத்துக் கணக்கிடுகிறார்களோ அந்த ஆண்டை) 1990லிருந்து 2010க்கு மாற்றியது. பழைய கணக்கில் கைபேசித் துறை, திரைப்படத் துறை மாதிரி இடையில் வளர்ந்த தொழில்கள் சரியாக இடம்பெறவே இல்லை. புதுக் கணக்கில் 2013ன் ஜிடிபி 89 சதவீதம் பெரிதாகிவிட்டது. முந்தின நாள் மாலை வேலை முடிந்து வீட்டுக்குப் போன நைஜீரியத் தொழிலாளி மறுநாள் காலையில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு உற்பத்தித்திறன் உள்ளவராக எழுந்தார். கானாவிலும் 2010ல் இப்படி ஒரு திருத்தம் நடந்து ஜிடிபி சுமார் 60 சதவீதம் கூடியது. ஏழை நாடுகளின் எண்ணைப் பார்க்கும்போது அந்த நாட்டுப் புள்ளியியல் துறைக்கு எவ்வளவு ஆளும் பணமும் இருக்கிறது என்பதும் அதில் கலந்திருக்கிறது.

விலையே இல்லாத சேவைகள் இன்னொரு தலைவலி. அரசுப் பள்ளியிலும் மருத்துவமனையிலும் காவல் நிலையத்திலும் உண்டாகும் மதிப்பை எப்படிக் கணக்கிடுவது? சந்தையில் விற்காததால் விலை கிடையாது. பல நாடுகள் எளிய வழியாக, செலவான தொகையையே உற்பத்தி என்று எடுத்துக்கொள்கின்றன. அதன்படி ஓர் ஆசிரியர் முன்பைவிட நன்றாகச் சொல்லிக்கொடுத்தாலும் உற்பத்தித்திறன் ஏறாது. பிரிட்டன் மாதிரி சில நாடுகள் எத்தனை மாணவர்கள் படித்தார்கள், எத்தனை சிகிச்சைகள் நடந்தன என்று நேரடியாக எண்ணுகின்றன. 2020ல் பள்ளிகள் மூடியபோது இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது: பிரிட்டனின் கணக்கில் கல்வி உற்பத்தி சரிந்தது, செலவை மட்டும் பார்த்த நாடுகளில் ஆசிரியர் சம்பளம் வழக்கம்போல் போனதால் அந்த அளவுக்குச் சரியவில்லை. பிரிட்டனின் ஜிடிபி மற்ற நாடுகளைவிட அதிகமாக விழுந்ததாகத் தெரிந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

கீழே இருப்பது: யாரை, எந்த நேரத்தை எண்ணுவது?

மக்கள்தொகையால் வகுப்பது, வேலை பார்ப்பவர்களால் வகுப்பது, வேலை மணிகளால் வகுப்பது என்று மூன்று வழி உண்டு. செய்திகளில் இந்த மூன்றையும் போட்டுக் குழப்புவார்கள்.

தலைக்கு இவ்வளவு என்பது குழந்தை, முதியவர், வேலை பார்க்காதவர் எல்லோரையும் சேர்த்தது, அது உற்பத்தித்திறனே அல்ல. லக்ஸம்பர்க்கில் இது இன்னும் மோசமாகப் போகும். அங்கே வேலை பார்ப்பவர்களில் பாதிக்குச் சற்றே குறைவானவர்கள் பக்கத்தில் உள்ள பிரான்ஸ், பெல்ஜியம், ஜெர்மனியிலிருந்து தினமும் வந்து போகிறவர்கள். அவர்கள் உண்டாக்கும் மதிப்பு மேலே இருக்கிறது, ஆனால் அவர்கள் அந்த நாட்டு மக்கள்தொகையில் இல்லை. மணிகளால் வகுத்தால் இந்தப் பிழை போய்விடும், ஏனென்றால் அந்த நாட்டுக்குள் வேலை பார்த்த எல்லா மணியும் கீழே வந்துவிடுகிறது. (அப்போதும் லக்ஸம்பர்க் உயரத்தில்தான் நிற்கும், நிதித்துறை அவ்வளவு பெரிது.)

வேலை பார்ப்பவர்களால் வகுப்பதும் முழுத் தீர்வல்ல. உலகம் முழுக்கப் பின்பற்றும் வரையறைப்படி, கணக்கெடுக்கும் வாரத்தில் ஒரு மணி நேரம் கூலிக்கோ லாபத்துக்கோ வேலை செய்திருந்தாலே அவர் வேலையில் இருப்பவர். ஆக நெதர்லாந்து மாதிரி பகுதிநேர வேலை அதிகமுள்ள நாட்டையும், எல்லோரும் முழுநேரம் உழைக்கும் நாட்டையும் ஆள் கணக்கில் ஒப்பிட்டால் சரியாக வராது. ஆண்டுக்கு ஒருவர் உழைக்கும் சராசரி நேரத்தைப் பாருங்கள். சமீப ஆண்டுகளில் ஜெர்மனியில் சுமார் 1340 மணி, அமெரிக்காவில் சுமார் 1800, மெக்சிகோவில் சுமார் 2200. மெக்சிகோத் தொழிலாளி ஜெர்மானியரைவிட ஆண்டுக்கு 860 மணி அதிகம் உழைக்கிறார், எட்டு மணி நேர வேலை நாளாகப் பார்த்தால் அது நூற்றுச் சொச்சம் நாள். ஆனால் ஒரு மணி நேர உற்பத்தி ஜெர்மனியில் மெக்சிகோவைப் போல மூன்று மடங்குக்கும் மேல். ஏழை நாட்டுக்காரர் சோம்பேறி என்று சொல்பவர்கள் இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நீண்ட நேரம் உழைப்பதற்குப் பெயர்போன ஜப்பானும் ஜி7 எனப்படும் ஏழு பெரிய பணக்கார நாடுகளிலேயே ஒரு மணி நேர உற்பத்தித்திறனில் கடைசி இடத்தில்தான் பல பத்தாண்டுகளாக இருக்கிறது.

அப்படியானால் மணிக்கணக்கே சிறந்தது என்று நிம்மதியாக இருந்துவிடலாமா? அந்த மணிகளை யார் எண்ணினார்கள் என்று கேட்டால் நிம்மதி கொஞ்சம் குறையும். ஒரு நாட்டின் மொத்த வேலை நேரத்தை எந்தக் கடிகாரமும் அளப்பதில்லை. வீடு வீடாகப் போய் அல்லது தொலைபேசியில் கூப்பிட்டு, போன வாரம் எத்தனை மணி வேலை பார்த்தீர்கள் என்று கேட்கிறார்கள். ஆட்கள் உத்தேசமாகச் சொல்வார்கள். வழக்கமான நேரத்தைச் சொல்லிவிட்டு நடுவில் எடுத்த விடுப்பை மறப்பார்கள், ஒரு வீட்டில் ஒருவரே எல்லோருக்கும் சேர்த்துப் பதில் சொல்வார். இன்னொரு வழி, நிறுவனங்களிடம் கேட்பது. அவர்கள் சம்பளம் கொடுத்த மணிகளைச் சொல்வார்கள், அதில் விடுமுறை நாளும் சேர்ந்திருக்கும், சம்பளமில்லாமல் கூடுதலாக உழைத்த நேரம் இருக்காது. சில நாடுகள் ஒப்பந்த நேரத்திலிருந்து ஆரம்பித்து விடுமுறை, மருத்துவ விடுப்பு, வேலைநிறுத்தம் என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வரும். சில நாடுகள் ஆட்கள் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளும்.

இதனால் எவ்வளவு வித்தியாசம் வரும் என்று ஓஇசிடி அமைப்பின் (பெரும்பாலும் பணக்கார நாடுகள் சேர்ந்த பொருளாதாரக் கூட்டமைப்பு) ஆய்வாளர்கள் 2018ல் கணக்குப் போட்டார்கள். எல்லா நாடுகளுக்கும் ஒரே மாதிரி கழித்தல் முறையைப் பயன்படுத்தியபோது, பிரிட்டன் அமெரிக்காவைவிட 24 சதவீதம் பின்தங்கியிருப்பதாகச் சொல்லப்பட்ட இடைவெளி 16 சதவீதமாகச் சுருங்கியது. மூன்றில் ஒரு பங்கு இடைவெளி வெறும் கணக்கெடுக்கும் முறையால் வந்தது! பிரிட்டன் ஏன் பின்தங்கியது என்று அத்தனை நாள் எழுதிக் குவித்த கட்டுரைகளை நினைத்துப் பார்க்கலாம். ஆட்கள் உழைக்கும் சராசரி நேரத்தைப் பற்றிய ஓஇசிடி அட்டவணையிலேயே, இது ஒரு நாட்டின் போக்கைக் காலப்போக்கில் பார்க்கத்தான், ஒரே ஆண்டில் நாட்டுக்கு நாடு ஒப்பிட ஏற்றதல்ல என்று குறிப்பு இருக்கிறது. அந்தக் குறிப்பைப் பெரும்பாலான செய்திகள் எடுத்துப் போடுவதில்லை. (மேலே நான் கொடுத்த மூன்று நாட்டு எண்களும் அந்த வகைதான். ஆனால் 1340க்கும் 2200க்கும் உள்ள தூரம் கணக்கெடுப்புப் பிழையால் மறைந்துவிடக் கூடியது அல்ல.)

கணக்கெடுப்பே ஆட்டம் காண்பதும் உண்டு. பதில் சொல்ல முன்வருபவர்கள் குறைந்துகொண்டே போனதால் பிரிட்டனின் புள்ளியியல் அலுவலகம் 2023 அக்டோபரில் தன் தொழிலாளர் கணக்கெடுப்பு முடிவுகளை வெளியிடுவதைக் கொஞ்ச காலம் நிறுத்தி வைக்க வேண்டியதாயிற்று. பணக்கார நாட்டிலேயே இப்படி.

முறைசாரா வேலை அதிகமுள்ள நாடுகளில் இது பல மடங்கு கடினம். உலகில் வேலை பார்ப்பவர்களில் சுமார் 200 கோடிப் பேர், அதாவது பத்தில் ஆறு பேர், முறைசாரா வேலையில் இருக்கிறார்கள் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2018ல் மதிப்பிட்டது. இவர்களின் உழைப்பு வீட்டுக் கணக்கெடுப்பில் பதிவாகும், ஆனால் இவர்கள் உண்டாக்கும் மதிப்பு எந்த நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்திலும் இருக்காது, பழைய ஆய்வுகளை வைத்து உத்தேசமாகத்தான் சேர்ப்பார்கள். கீழே முழுசாக வந்து மேலே பாதிதான் வந்தால் எண் தானாகவே குறையும்.

இதற்கு நேர் எதிராகவும் நடக்கலாம். தன் வீட்டுத் தேவைக்காக மட்டும் பயிர் செய்யும் ஒரு விவசாயியை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் விளைவித்த தானியம் விற்கப்படாவிட்டாலும் ஜிடிபியில் சேரும், அது சர்வதேச விதி. ஆனால் 2013ல் தொழிலாளர் புள்ளியியலாளர்களின் சர்வதேச மாநாடு வேலைவாய்ப்பின் வரையறையை மாற்றியது: கூலிக்கோ லாபத்துக்கோ செய்வதுதான் வேலைவாய்ப்பு, சொந்தத் தேவைக்குச் செய்வது தனி வகை. புதிய வரையறையைப் பின்பற்றும் நாட்டில் அந்த விவசாயியின் தானியம் மேலே இருக்கும், அவர் உழைத்த நேரம் கீழே இருக்காது. எண் தானாகவே கூடும். பழைய வரையறையிலேயே இருக்கும் பக்கத்து நாட்டோடு இதை ஒப்பிட்டால் கிடைக்கும் வித்தியாசத்தில் எவ்வளவு உண்மை, எவ்வளவு வரையறை? வரையறை மாற்றத்துக்கு நல்ல காரணங்கள் உண்டு, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் மேலும் கீழும் ஒரே ஆட்களைப் பற்றியதாக இருக்க வேண்டும் என்பது வகுத்தலின் அடிப்படை நாணயம், தேடிப் பார்க்காமல் அதை நம்பிவிட முடியாது.

வீட்டில் சமைப்பது, குழந்தை வளர்ப்பது, நோயாளியைப் பார்த்துக்கொள்வது எல்லாம் மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. பெரும்பாலும் பெண்கள் செய்யும் இந்த உழைப்பு இந்தக் கணக்குக்குள் வருவதே இல்லை.

பணத்தை மாற்றுவது

இரண்டு நாடுகளில் இரண்டு முடிதிருத்துபவர்கள். ஒருவர் பணக்கார நாட்டில், ஒருவர் ஏழை நாட்டில். இருவரும் அரை மணி நேரத்தில் ஒருவருக்கு முடி வெட்டுகிறார்கள், வெட்டும் நேர்த்தியும் ஒன்றுதான். ஆனால் வங்கியில் இருக்கும் செலாவணி விகிதப்படி டாலருக்கு மாற்றினால் முதலாமவர் இரண்டாமவரைவிடப் பத்து மடங்கு உற்பத்தித்திறன் உள்ளவர் என்று வரலாம். இது அபத்தம் என்று பார்த்தவுடனே தெரிகிறது. செலாவணி விகிதம் முக்கியமாக எல்லை தாண்டி விற்கும் பொருள்களாலும் முதலீட்டுப் பணத்தாலும் தீர்மானமாகிறது, முடிவெட்டு எல்லை தாண்டுவதில்லை. தவிர அந்த விகிதம் ஓர் ஆண்டில் இருபது சதவீதம் ஏறி இறங்கக்கூடும், தொழிலாளி செய்யும் வேலை அப்படி மாறாது.

அதனால்தான் வாங்கும் சக்திச் சமநிலை என்ற முறையைப் பயன்படுத்துகிறார்கள், சுருக்கமாகப் பிபிபி என்பார்கள். ஒரே மாதிரியான பொருள்களும் சேவைகளும் கொண்ட ஒரு கூடையை ஒவ்வொரு நாட்டிலும் வாங்க எவ்வளவு ஆகும் என்று பார்த்து, அந்த விகிதத்தில் பணத்தை மாற்றுவது. ஏழை நாடுகளில் சேவைகள் மலிவு என்பதால் பிபிபி கணக்கில் அந்த நாடுகளின் உற்பத்தி கணிசமாக உயரும். இடைவெளி மறைந்துவிடாது, ஆனால் நம்பக்கூடிய அளவுக்கு வரும்.

இந்தக் கூடையின் விலையைத் திரட்டும் வேலை 1968ல் ஐக்கிய நாடுகள் சபையும் பென்சில்வேனியா பல்கலைக்கழகமும் சேர்ந்து ஆரம்பித்தது. இர்விங் கிராவிஸ், ஆலன் ஹெஸ்டன், ராபர்ட் சம்மர்ஸ் ஆகியோர் அதை வழிநடத்தினார்கள். முதலில் பத்து நாடுகள்தான். இப்போது உலக வங்கி ஒருங்கிணைக்கிறது, 2021ஐ அடிப்படையாகக் கொண்ட சுற்றில் 176 பொருளாதாரங்கள் பங்கெடுத்தன. என் கணிப்பில் உலகின் மிகக் கடினமான கணக்கெடுப்புகளில் இதுவும் ஒன்று. ஒரே மாதிரியான பொருளை எல்லா நாட்டிலும் தேட வேண்டும், ஆனால் ஒரு நாட்டில் எல்லோரும் வாங்கும் சட்டை இன்னொரு நாட்டில் பெருநகரக் கடையில் மட்டும் கிடைக்கும், அங்கே விலையும் அதிகம். அதை எடுத்தால் அந்த நாட்டில் விலைவாசி அதிகம் என்று தப்பாக வரும், உள்ளூர்ச் சட்டையை எடுத்தால் தரம் வேறு.

இதில் ஒரு சறுக்கல் எவ்வளவு பெரிதாக முடியும் என்பதற்கு 2005ஐ அடிப்படையாகக் கொண்ட சுற்றைச் சொல்லலாம். 2007 டிசம்பரில் முடிவு வந்தபோது சீனாவின் பொருளாதாரம் பிபிபி அளவில் முன்பு மதிப்பிட்டிருந்ததைவிடச் சுமார் 40 சதவீதம் சிறியது என்றானது, இந்தியாவுக்கும் கிட்டத்தட்ட அப்படியே. அடுத்ததாக 2011ஐ வைத்து நடந்த சுற்றின் முடிவுகள் 2014ல் வந்தபோது அந்த எண்கள் மறுபடி மேலே ஏறின, 2005ன் விலைகள் நகரங்களின் பக்கம் சாய்ந்திருந்தன என்ற விமர்சனம் வலுப்பட்டது. கோடிக்கணக்கான தொழிலாளர்களின் உற்பத்தித்திறன் காகிதத்தில் இறங்கி ஏறியது, அவர்கள் பாட்டுக்கு வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தார்கள்.

சராசரி செய்யும் வேலை

எல்லாவற்றையும் சரியாக அளந்துவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் இது ஒரு சராசரி, சராசரிக்கு அதற்கே உரிய குணம் உண்டு. குறைந்த சம்பள வேலையில் இருப்பவர்கள் வேலையிழந்தால் மிச்சமிருப்பவர்களின் சராசரி கூடிவிடும். 2020 வசந்தத்தில் அமெரிக்காவில் உணவகம், விடுதி, கடை என்று லட்சக்கணக்கானோர் வேலையிழந்தார்கள், ஏப்ரலில் வேலையின்மை 14 சதவீதத்தைத் தாண்டியது, அதே காலாண்டில் ஒரு மணி நேர உற்பத்தித்திறன் உயர்ந்தது. யாரும் அதைக் கொண்டாடவில்லை, கொண்டாட எதுவும் இல்லை.

பிரான்ஸையும் இதை வைத்துத்தான் பார்க்க வேண்டும். 1990களிலும் அதற்குச் சற்றுப் பின்னும் பிரான்ஸின் ஒரு மணி நேர உற்பத்தி அமெரிக்காவை ஒட்டியே இருந்தது. ஆள் கணக்கிலும் தலைக் கணக்கிலும் அமெரிக்கா வெகுதூரம் முன்னால் இருந்தது, பிரெஞ்சுக்காரர்கள் குறைந்த நேரம் வேலை பார்த்ததும், வேலையில் இருந்தவர்களின் விகிதம் குறைவாக இருந்ததும் காரணம். குறைந்த நேரம் என்பது நீண்ட விடுமுறையும் குறுகிய வேலை வாரமும், அது ஒரு சமூகம் தேர்ந்தெடுத்துக்கொண்ட வாழ்க்கை, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இளைஞர்களும் அனுபவம் குறைந்தவர்களும் வேலை கிடைக்காமல் வெளியே நின்றதும் அந்த ஒரு மணி நேர எண்ணைக் கொஞ்சம் தூக்கியிருக்கிறது. ஒரே எண்ணுக்குள் மகிழ்ச்சியான காரணமும் துயரமான காரணமும் கலந்தே இருக்கின்றன, எண்ணை மட்டும் பார்த்துப் பிரிக்க முடியாது.

இவ்வளவு ஓட்டை இருந்தால் எதற்கு இந்த எண் என்று கேட்கலாம். ஒரு நாட்டில் கூலி நீண்ட காலத்துக்கு உயர வேண்டும் என்றால் ஒரு மணி நேர உற்பத்தி உயர்ந்தே ஆக வேண்டும், வேறு வழி இல்லை. அது உயர்ந்தாலும் கூலியாகக் கைக்கு வந்து சேருமா என்பது தனிக் கேள்வி. அதனால் இந்த எண் தேவைதான், கேள்விக்கு ஏற்ற மாதிரி எடுக்க வேண்டும். ஒரு நாடு முன்னேறுகிறதா என்று அறிய அதே நாட்டின் எண் பத்து, இருபது ஆண்டுகளில் விலைவாசி உயர்வை நீக்கி எப்படிப் போகிறது என்று பாருங்கள், அங்கே அளக்கும் முறையின் பிழை இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில் இருப்பதால் பெரும்பாலும் அடிபட்டுப் போகும். நாட்டுக்கு நாடு மட்டத்தை ஒப்பிட வேண்டும் என்றால் மணிக்கணக்கும் பிபிபியும் சேர்ந்த எண்ணை மட்டும் எடுங்கள், அதிலும் ஐந்து சதவீதம், பத்து சதவீத வித்தியாசத்துக்குக் கதை கட்ட வேண்டாம், பிரிட்டனின் எட்டு சதவீதப் புள்ளிகள் போன இடம் தெரியும். மூன்று மடங்கு, ஐந்து மடங்கு என்றால் அது உண்மையான வித்தியாசம். ஆனால் அதற்குக் காரணம் தேட வேண்டிய இடம் தொழிலாளியின் கையில் என்ன கருவி இருக்கிறது, மின்சாரம் நிற்காமல் வருகிறதா, சரக்கு துறைமுகத்தில் எத்தனை நாள் கிடக்கிறது, எந்தத் தொழில்களில் ஆட்கள் குவிந்திருக்கிறார்கள் என்பதில்தான். துறைவாரியாகப் பிரித்த எண் கிடைத்தால் முதலில் அதை எடுங்கள். ஆலைத் தொழிலை ஆலைத் தொழிலோடும் விவசாயத்தை விவசாயத்தோடும் ஒப்பிட்டால், ஏழை நாடுகளின் பின்னடைவில் பெரும்பங்கு விவசாயத்தில் இருப்பதும், அந்தத் துறையில்தான் அதிகம் பேர் வேலை பார்ப்பதும் கண்ணில் படும்.